நிலம் போனவர்கள், நிலமே இல்லாதவர்கள்

முதலாண்டு சமூகவியல் புத்தகம் எதைப் புரட்டினாலும் ‘அடுக்கமைவு’ என்ற அத்தியாயத்தில் நடுவே கோடு போட்ட ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம் சாதி: பிறப்பால் வருவது, மாறாதது, மூடிய அமைப்பு. வலப்பக்கம் வர்க்கம்: உழைப்பால் வருவது, மாறக்கூடியது, திறந்த அமைப்பு. தேர்வில் ஐந்து மதிப்பெண் நிச்சயம். டெல்டாவில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். கரும்பலகையில் எழுதிப் போட்டதும் பிள்ளைகள் தலை நிமிராமல் நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். அவர்களில் பாதிப்பேர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். அந்தத் திறந்த கதவு எங்கள் ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

இரண்டு பக்கம் தள்ளினால் டேவிஸும் மூரும் வருவார்கள். சமூகத்துக்கு முக்கியமான வேலைகள் சில உண்டு. அவற்றைச் செய்யும் திறமை சிலருக்கே உண்டு. நெடுநாள் படித்துப் பயிற்சி பெற்று அவர்கள் அந்த இடத்துக்கு வர வேண்டுமென்றால் கூடுதல் ஊதியமும் மரியாதையும் தந்துதான் ஆகவேண்டும். ஆகவே ஏற்றத்தாழ்வு இல்லாமல் எந்தச் சமூகமும் நடக்காது. 1945-ல் இந்த இரண்டு அமெரிக்கர்களும் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். எந்த வேலை முக்கியம் என்று தீர்மானிப்பது யார், எல்லோருடைய திறமையையும் சோதித்துப் பார்த்துவிட்டா வேலை கொடுக்கிறார்கள் என்று 1953-ல் மெல்வின் டியூமின் திருப்பிக் கேட்டார். வகுப்பில் நான் இதற்கு அதிக நேரம் கொடுப்பதில்லை. 2020-ல் ஊரே கதவடைத்துக் கிடந்தபோது தெருவில் இறங்கியவர்கள் யார் என்று கேட்டால் போதும். தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள், பாத பூஜைகூடச் செய்தார்கள். 2025 ஆகஸ்டில் அவர்களில் ஒரு பகுதியினர் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பணிப் பாதுகாப்பு கேட்டு உட்கார்ந்தபோது நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013-லேயே வந்தாயிற்று. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. இறங்குவது யார் வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் மாறவில்லை. முக்கியமான வேலைக்குக் கூடுதல் ஊதியம் என்ற வாதம் அந்தக் குழிக்கு எட்டவே இல்லை.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எனக்கு இவர்களைவிட உதவியானவர். செல்வம், மதிப்பு, அதிகாரம் மூன்றும் தனித்தனி. ஒன்று இருப்பவரிடம் மற்ற இரண்டும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். இதற்கு உதாரணம் தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. நான் கௌரவ விரிவுரையாளன். பக்கத்து அறையில் நிரந்தரப் பேராசிரியர் நடத்தும் அதே பாடத்தை நானும் நடத்துகிறேன். அவர் சம்பளம் என் தொகுப்பூதியத்தைப் போலப் பல மடங்கு. பஸ்ஸில் ஏறினால் மாணவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மாதக் கடைசியில் மளிகைக் கடையில் எனக்குக் கடன் கொடுப்பவர் எட்டாம் வகுப்பு படித்தவர். ‘கௌரவ’ என்ற அடைமொழியை யார் யோசித்து வைத்தார்களோ, வெபரைக் கரைத்துக் குடித்தவராக இருக்க வேண்டும்.

வெபரின் மூன்று சரடுகளையும் எடுத்துக்கொண்டு ஒருவர் எங்கள் பக்கத்துக்கே வந்தார் என்பதைச் சொன்னால்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆந்த்ரே பெத்தேய். வங்காளத்தின் சந்தன்நகரில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. டெல்லியில் எம்.என். சீனிவாஸிடம் ஆய்வு மாணவராக இருந்தவர், 1961-ல் திருவையாறு பக்கம் ஒரு காவிரிக்கரைக் கிராமத்துக்கு வந்து தங்கினார். ஊரின் நிஜப் பெயரை மறைத்து ‘ஸ்ரீபுரம்’ என்று வைத்தார். 1965-ல் வெளியான அவருடைய ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற ஆங்கிலப் புத்தகம் இன்றுவரை உலகம் முழுவதும் சமூகவியல் வகுப்புகளில் புழங்குகிறது.

அவர் கண்ட ஊரின் அமைப்பு டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. அக்கிரகாரம் ஒரு பக்கம், குடியானத் தெருக்கள் ஒரு பக்கம், வயலுக்கு அப்பால் சேரி. அக்கிரகாரத்தில் மிராசுதார்கள்: நிலம் அவர்கள் பெயரில், ஏரைத் தொடுவது அவர்கள் வழக்கமல்ல. குடியானத் தெருவில் குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) சாகுபடி செய்தவர்கள், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள். சேரியில் பண்ணையாட்களும் கூலியாட்களும். பழைய காலத்தில் சாதியில் மேலே இருந்தவரே நிலத்திலும் மேலே, ஊர் அதிகாரத்திலும் மேலே. மூன்று ஏணிகளையும் சேர்த்துக் கட்டியது போல. பெத்தேய் சொன்னது, அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது என்பதுதான். அக்கிரகாரத்தார் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகிறார்கள். ஊராட்சி பிராமணரல்லாதார் கைக்கு வந்துவிட்டது. சடங்கில் மேலே இருப்பவர் ஊர் நிர்வாகத்தில் ஓரமாகிவிட்டார். ஒருவருடைய சாதியைச் சொன்னால் அவருடைய நிலத்தையும் செல்வாக்கையும் சொல்லிவிடலாம் என்ற நிலை போய்விட்டது.

அருமையான புத்தகம். மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்கே உற்சாகம் வந்துவிடும். ஆனால் அதை எழுதியவர் எங்கே தங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அக்கிரகாரத்தில். அந்த ஊரில் அவருக்குத் தங்க இடமும் சாப்பாடும் அங்கேதான் கிடைத்தன. கிடைத்ததற்கு விலையும் இருந்தது. பிராமணராகவே நடத்தப்பட்டார். சேரிக்குத் தாராளமாகப் போய்வர அவரால் முடியவில்லை. இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். இருந்தாலும் அக்கிரகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் கட்டு அவிழ்வதுதான் முதலில் கண்ணில் படும். ஏனென்றால் அவிழ்ந்தது அந்த முனையில்தான். சேரிப் பக்கமிருந்து பார்த்தவருக்குச் சாதியிலும் கீழே, நிலமும் இல்லை, அதிகாரமும் இல்லை. மூன்றும் அங்கே முன்பு போலவே சேர்ந்து கிடந்தன.

நிலம் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டெல்டாவில் மிராசு வீடுகள் பல சரிந்தன, உண்மை. 1955-ல் குத்தகைதாரரை வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து நஞ்சையில் நிலக்காரர் பங்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 என்று வரம்பு கட்டியது. 1961-ல் நில உச்சவரம்பு, 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்); 1970-ல் அதுவும் பாதியாகி 15 ஆனது. இதையெல்லாம் முன்கூட்டி மோப்பம் பிடித்தவர்கள் விற்றார்கள், பிரித்து எழுதினார்கள், பினாமியில் வைத்தார்கள். ஆனால் விற்றவர்கள் வெறுங்கையோடு ஊரைவிட்டுப் போகவில்லை. அதற்கு இரண்டு தலைமுறை முன்பிருந்தே நெல் விற்ற பணம் கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிக் கட்டணமாக மாறிக்கொண்டிருந்தது. வக்கீல், கணக்காயர், சர்க்கார் உத்தியோகம், பிறகு பம்பாய், டெல்லி, கடைசியில் அமெரிக்கா. நிலம் பட்டமாயிற்று, பட்டம் சம்பளமாயிற்று, சம்பளம் டாலராயிற்று. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் பண்பாட்டு மூலதனம் என்று சொல்லி ஒரு வகை மூலதனம் இன்னொன்றாக மாறுவதை விளக்குவார். காவிரிக் கரையில் அது பூட்டிய வீடாகவும், வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வாடகைக் காரில் வந்திறங்கும் குடும்பமாகவும் காட்சி தரும். இவர்கள் ஊரில் தோற்றவர்கள் என்று வருத்தப்படுவோர் உண்டு. நான் வருத்தப்படுவதில்லை.

குடியானத் தெருவுக்கும் கைக்கு ஏதோ வந்தது. குத்தகைப் பாதுகாப்புச் சட்டங்களின் பலன் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பாதுகாப்பு கேட்க முதலில் குத்தகைதாரராக இருக்க வேண்டுமே. சேரியில் பெரும்பாலோர் அதுவும் இல்லை. அவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்ட சட்டம் 1952-ன் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதுவும் சும்மா வரவில்லை. தாய்மொழி கன்னடமான கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943-ல் இந்த மாவட்டத்துக்கு வந்து, மன்னார்குடி அருகே தென்பரையில் தொடங்கி ஊர் ஊராகச் சங்கம் கட்டினார். பண்ணையாள் வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால். இவை வழக்கமான தண்டனைகளாக இருந்த ஊர்களில் அடித்தால் திருப்பி அடி என்று அவர் சொன்னதை இன்றும் கிழவர்கள் சொல்லக் கேட்கலாம். 1952-ல் சட்டம் வந்ததும் பல மிராசுதார்கள் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: பண்ணையாள் என்று இருந்தால்தானே பாதுகாப்பு, இனி தினக்கூலி. கொத்தடிமை போனது, அதோடு வருடம் முழுவதும் வேலை என்ற உறுதியும் போனது.

கூலி களத்துமேட்டில் நெல்லாக அளந்து கொடுக்கப்பட்ட காலம் அது. எந்த மரக்காலால் அளப்பது, பெரியதா சின்னதா? தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா? அளக்கிறவர் யாருடைய ஆள்? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு கைப்பிடி நெல். அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் வேலையில்லாமல் அடுப்பு எரிய வேண்டிய வீட்டுக்கு அந்தக் கைப்பிடிகள்தான் கணக்கு.

கேட்டால் என்ன ஆகும்? இங்கேதான் பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றை நான் சொல்லித் தருகிறேன். கூலியாள் குடியிருந்த குடிசையின் அடிமனையும் மிராசுதாருடையது. கூலிப் பேச்சு முறிந்தால் வேலை போவதோடு நிற்காது, மனையைக் காலி செய் என்பார்கள். குடிசையைப் பிரித்துக்கொண்டு எங்கே போவது? வேலை கொடுப்பவரும் வீட்டுக்காரரும் அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும் ஒரே ஆள் என்றால் பேரம் பேச வாய் வருமா? வர்க்கம் என்றால் வருமானப் பிரிவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த ஒரு விவரம் போதும், புரிந்துவிடும். குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்ற சட்டம் 1971-ல் வந்தது. நிலச் சீர்திருத்தம் என்று பேசும்போது உச்சவரம்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், டெல்டாவில் கூலியாளின் முதுகை நிமிர்த்தியதில் அந்த மனைச் சட்டத்துக்குப் பங்கு அதிகம். சில சென்ட் நிலம்தான். ஆனால் யாரும் பிடுங்க முடியாத சில சென்ட்.

அந்தச் சட்டத்துக்கு முன்னால், கீழத்தஞ்சையின் வெண்மணி கிராமம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டுவிட்டு நிலக்காரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட மறுத்தார்கள். அடியாட்கள் வந்தபோது தப்பி ஓட முடியாதவர்கள் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். குடிசையைக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இது எங்கள் மாணவர்களுக்குத் தெரியும். நினைவிடத்துக்குப் போய் வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது தீர்ப்பு. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்காரர்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏராளமான நிலமுள்ள செல்வந்தர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டிருந்தது. நிலமும் காரும் சந்தேகத்தின் பலனாக மாறிய இடம் அது. பூர்தியூவுக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தாமல் சொல்லப் பார்க்கிறேன், எப்போதும் முடிவதில்லை.

அதிகாரம் என்ற மூன்றாவது சரடைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊராட்சித் தலைவர் பதவியில் இடஒதுக்கீடு வந்தபின் சேரியிலிருந்தும் தலைவர்கள் வந்தார்கள், அதுவும் உண்மை. 1997-ல் மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவரான முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் நாடெங்கும் பரவியது, நாற்காலிகளில் மற்றவர்கள். பதவி ஒன்று தனியாகக் கைக்கு வந்தால், கூடவே வர வேண்டிய மற்ற இரண்டும் இல்லாதபோது, அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்தப் படமே சொல்லிவிடுகிறது.

இதற்காக எதுவுமே மாறவில்லை என்று சொல்லும் சோம்பேறித்தனமும் எனக்குப் பிடிக்காது. 1950-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் இரண்டு கிராமங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் காதலீன் கவ் 1976-ல் திரும்பி வந்து பார்த்தபோது கூலியாட்களின் வாழ்க்கை பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்றே எழுதினார். இன்று வந்திருந்தால் அப்படியே எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அறுவடை இயந்திரம் களத்துமேட்டைக் காலி செய்துவிட்டது. மரக்காலை இன்று கல்யாண வீட்டில் சடங்குக்குத்தான் தேடுகிறார்கள். 2006-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே நாகை மாவட்டம் இருந்தது. அதற்குப் பிறகு நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, கூப்பிட்டால் மதிப்பதில்லை என்று நிலக்காரர்கள் புலம்பாத டீக்கடை இல்லை. அந்தப் புலம்பலை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ரேஷன் அரிசி இருக்கிறது; கூலிக்காரர் இன்று வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், பெண்கள் பெயரில் ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கிக் கொடுத்த ஊர்களும் இதே கீழத்தஞ்சையில்தான் இருக்கின்றன.

ஆகவே அட்டவணையை அடித்துவிட்டு நான் பிள்ளைகளிடம் வேறொரு வேலை கொடுக்கிறேன். உங்கள் ஊரை வரைந்து வாருங்கள். யார் வீடு எங்கே என்று வேண்டாம், அது எனக்கே தெரியும். பஸ் எங்கே நிற்கிறது, ரேஷன் கடை எந்தத் தெருவில், தண்ணீர்த் தொட்டி எங்கே, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறது, சுடுகாடு எத்தனை, அங்கே போக வழி எது. சுடுகாடு பெரும்பாலான படங்களில் இரண்டு. ஒரு பையன் வரைந்ததில் அவன் தெருவின் சுடுகாட்டுக்குப் பாதையே இல்லை, வெறும் புள்ளிக்கோடு. கேட்டேன். வயல் வரப்பு சார், சம்பா நட்டிருந்தால் பயிரை மிதிக்கக் கூடாது என்பார்கள், முழங்காலளவு வாய்க்காலில் இறங்கித் தூக்கிக்கொண்டு போவோம் என்றான். அவன் அண்ணன் கோயம்புத்தூரில் பொறியாளர். தாத்தா இறந்தபோது அவரும் வந்து தோள் கொடுத்தாராம், பேன்ட்டை மடித்துக்கொண்டு.

அதே வகுப்பில் ஒரு மாணவியின் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் பல வருடம் இருந்து திரும்பியவர். சேரித் தெருவிலேயே மாடி வீடு கட்டினார். மிச்சமிருந்த பணத்தில் மெயின் ரோட்டில் இடம் வாங்கிக் கடை வைக்கலாம் என்று பார்த்தார். இடத்துக்குச் சொந்தக்காரர் வெளியூரில், விற்கத்தான் துடித்துக்கொண்டிருந்தார். புரோக்கர் விலை பேசி முடித்துவிட்டார். முன்பணம் கொடுக்கும் நாளில், பக்கத்து நிலக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு இடம் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். விலையை ஏற்றித் தருவதாகச் சொல்லியும் நடக்கவில்லை. பணம் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, விற்க ஆள் இருந்தது. சந்தை திறந்துதான் இருந்தது.

கடைசியில் திருவாரூருக்கு வெளியே புதிதாகப் போட்ட நகர் ஒன்றில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, முன்பணம் மட்டும்தான் கேட்டார்கள் என்று மாணவி சொன்னாள். குடிபோன பிறகு எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டாராம். சொன்னார்கள். அவருக்கு அந்த ஊர் தெரியும், உறவுக்காரர்கள் இருக்கிறார்களாம். அந்த ஊரில் எந்தத் தெரு என்று அடுத்துக் கேட்டார். மாணவியின் அம்மா சற்றும் யோசிக்காமல், மெயின் ரோடு என்றாராம்.